கிணறு எங்கே, கக்கூஸ் குழி எங்கே? – தண்ணீர் வரைபடம் பற்றி வாசகர்கள் கேட்டவை

போன மாதம் இந்தப் பகுதியில் ஒரு யோசனை சொல்லியிருந்தேன். உங்கள் ஊரில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வீட்டுக்கு வந்து சேருகிறது, கழிவு எங்கே போய் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரே தாளில் வரைந்து பாருங்கள் என்று. இவ்வளவு கடிதம் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக ஏழு நாள் ஒரு கிராமத்தில் தங்கப் போகிறோம். தண்ணீர் வரைபடம் போடலாம் என்று இருக்கிறோம். மொபைலில் எந்த ஆப் நல்லது?
– கல்லூரி மாணவர், விழுப்புரம் மாவட்டம்

தம்பி, ஆப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் நாள் மொபைலை வெளியே எடுக்காதீர்கள். ஊரின் நடுவே மண் தரையாக ஒரு இடம் பார்த்து, இரண்டு கிலோ கோலமாவு வாங்கிக்கொண்டு போய் உட்காருங்கள். பெண்கள் தண்ணீர் பிடித்து முடித்து, சமையலும் முடிந்து கொஞ்சம் ஓய்வாக இருக்கிற நேரம் எது என்று முன்கூட்டியே விசாரித்து, அந்த நேரத்துக்குப் போக வேண்டும். கோவிலையும் மேல்நிலைத் தொட்டியையும் நீங்கள் போடுங்கள். அதற்கு அப்புறம் மாவை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள். கோலம் போட்டுப் பழகிய கை, தெருவை அளவு பிசகாமல் இழுக்கும். கழிப்பறை உள்ள வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை, அடிபம்புக்கு ஒரு கல், குப்பை கொட்டுகிற இடத்துக்கு ஒரு பிடி சருகு என்று வைத்துக்கொண்டே வந்தால் அரை மணி நேரத்தில் ஊர் தரையில் வந்துவிடும். நடுவே சண்டையும் வரும். "அங்க எங்கடி குழாய் இருக்கு, அது காத்துதான வருது" என்று ஒரு அம்மா சொல்வார். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். குழாய் இருப்பது ஒரு தகவல், அதில் காற்று மட்டும் வருவது இன்னொரு தகவல். அரசுப் பட்டியலில் முதலாவது இருக்கும், இரண்டாவது இருக்காது.

தண்ணீர் பிடிக்கிறவர்களுக்குத் தெரிந்த சோதனைகள் சில உண்டு. இந்த பம்பு தண்ணீரில் பருப்பு வேகாது, அந்தக் குழாயில் சோப்பு நுரைக்காது, மேலத்தெருத் தண்ணீரில் டீ போட்டால் கறுத்துப்போகும் என்பார்கள். பருப்பு வேகாததும் சோப்பு நுரைக்காததும் கடினத்தன்மை. டீ கறுப்பது பெரும்பாலும் இரும்புச்சத்து. எந்த இடத்தில் எதைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

இரண்டாம் நாள் நடங்கள். தொட்டியில் தொடங்கி, குழாய் போகிற வழியிலேயே கடைசி வீடு வரை. வழியில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தண்ணீர் வேகமாக வராத தெருக்களில் குழாயை அறுத்துத் தரைக்குக் கீழே இறக்கி, சுற்றிலும் ஒரு குழி வெட்டி வைத்திருப்பார்கள். குடத்தைக் குழிக்குள் இறக்கி வைத்தால்தான் தண்ணீர் விழும். மழை பெய்தால் அந்தக் குழியில் சாக்கடைத் தண்ணீர் முழங்கால் அளவு நிற்கும், குழாய் வாய் அதற்குள் முங்கிக் கிடக்கும். தொட்டியில் வால்வை அடைத்ததும் குழாய்க்குள் தண்ணீர் பின்வாங்கும். அப்போது குழியில் நிற்பதையும் சேர்த்து உள்ளே இழுக்கும். அடுத்த முறை திறக்கும்போது முதல் குடத்தில் வருவது அதுதான். தண்ணீர் விடும் நேரத்தில் வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சினாலும் இதே கதைதான், பக்கத்தில் எங்கே விரிசல் இருக்கிறதோ அங்கிருந்து அழுக்கு ஏறும். எனவே குழாய்க் குழி ஒவ்வொன்றையும் வரைபடத்தில் சிவப்பாகக் குறியுங்கள்.

இப்போது ஆப். ஓ.டி.கே., எம்வாட்டர் இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன, இணையம் இல்லாத இடத்திலும் பதிவு செய்து பிறகு ஏற்றலாம். வீடுகளையும் தெருக்களையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற, யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய இணைய வரைபடத்தில் வரைந்து வைத்தால் அடுத்த ஆண்டு வருகிற மாணவர்களுக்கும் உதவும். ஆனால் ஒரு எச்சரிக்கை. மொபைலின் ஜி.பி.எஸ். திறந்தவெளியிலேயே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும், மரத்தடியிலும் சுவரோரத்திலும் இன்னும் அதிகம். அடிபம்புக்கும் கழிப்பறைக் குழிக்கும் நடுவே பத்து மீட்டர் இருக்கிறதா என்பதுதான் நமக்கு வேண்டிய கேள்வி. அதற்கு மொபைலை நம்பினால் மோசம் போவோம். நான் ஒரு ஊரில் எல்லாவற்றையும் மொபைலில் பதிந்துகொண்டு வந்து கணினியில் திறந்து பார்த்தபோது, அடிபம்பு ஒரு வீட்டுக்குள்ளும் கழிப்பறை நடுத்தெருவிலும் நின்றன. மறுபடி போய் டேப் பிடித்து அளந்தோம். ஆகவே ஒரு 30 மீட்டர் டேப்பையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் ஐந்து பேருக்குத் தண்ணீர் சோதனைப் பெட்டி கொடுத்துப் பயிற்சியும் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஒரு போர், அதிலிருந்து சின்டெக்ஸ் தொட்டி. ஃப்ளோரைடு சோதித்தால் அட்டையில் 1.5-ஐத் தாண்டின நிறம் வருகிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அடிபம்பில் சரியாக இருக்கிறது. ஒரே ஊரில் எப்படி இப்படி? பெட்டி கெட்டுப்போய்விட்டதா?
– சுய உதவிக் குழு உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

பெட்டி கெட்டிருக்க வாய்ப்பு உண்டு அம்மா. முதலில் மருந்துப் புட்டியின் காலாவதித் தேதியைப் பாருங்கள். தேதி சரியாக இருந்தால், நீங்கள் கண்டது உண்மையாக இருப்பதற்கே அதிக வாய்ப்பு.

தமிழ்நாட்டின் நிலத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கடினப்பாறை. அந்தப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கிறது, ஒரு வெடிப்புக்கும் இன்னொரு வெடிப்புக்கும் தொடர்பு இல்லாமலே போகலாம். ஃப்ளோரைடு உள்ள கனிமத்தோடு நெடுங்காலம் ஒட்டிக் கிடந்த தண்ணீரில் அது கரைந்து ஏறும். ஆழ்துளைக் கிணற்றில் கூடுதலாகவும், மழைத்தண்ணீர் இறங்குகிற ஆழம் குறைந்த பம்பில் குறைவாகவும் இருப்பது வழக்கம்தான். உங்கள் பக்கத்தில் இது புதிதும் இல்லை. ஃப்ளோரைடால் எலும்பு பாதிக்கப்படுவதை 1937-லேயே அன்றைய சென்னை மாகாணத்தில், இன்று ஆந்திரத்தில் இருக்கிற பகுதியில், மருத்துவர்கள் கண்டு எழுதிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இந்த ஃப்ளோரைடே பெரிய காரணம். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் தணிப்பு என்று இருக்கிறது.

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை. அதற்கு மேல் போனால் வளர்கிற குழந்தைகளின் பல்லில் முதலில் வெள்ளைத் திட்டு, பிறகு பழுப்புக் கோடு. இன்னும் அதிகமாக இருந்து ஆண்டுக்கணக்கில் குடித்தால் முதுகும் மூட்டும் விறைத்துப்போகும். நிரந்தரப் பல் உருவாகிற எட்டு வயதுக்குள் குடித்ததுதான் பல்லில் தெரியும், பெரியவர்கள் குடித்தால் பல்லில் எதுவும் தெரியாது. "எங்க பல்லு நல்லாத்தான இருக்கு" என்று வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் சொன்னால் அதை நம்பி விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: பெட்டியில் வந்த நிறத்தை வைத்து முடிவு கட்டாமல், அந்தப் போர் தண்ணீரைச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து மாவட்டக் குடிநீர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். பொதுமக்களும் அங்கே மாதிரி கொடுக்கலாம், சிறு கட்டணம் இருக்கும். எண் கையில் வந்ததும் ஊரில் உள்ள ஒவ்வொரு போரையும் பம்பையும் அதேபோலச் சோதித்து, வரைபடத்தில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் எண்ணையும் தேதியையும் எழுதுங்கள். எந்த போர் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், எது துணி துவைக்கவும் மாட்டுக்கும் என்று பிரித்துக்கொள்ளலாம். வங்கதேசத்தில் இதைத்தான் செய்தார்கள். குளத்துத் தண்ணீரால் வருகிற வயிற்றுப்போக்குக்குப் பயந்து லட்சக்கணக்கில் கைப்பம்பு போட்டார்கள்; 1993-இல் அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் இருப்பது தெரிந்தது. அப்புறம் ஏறக்குறைய 50 லட்சம் பம்புகளைச் சோதித்து, கெட்டதற்குச் சிவப்புப் பெயின்ட், நல்லதற்குப் பச்சை. சிவப்புப் பம்புக்குக் கூப்பிடு தூரத்தில் பச்சைப் பம்பு இருந்த இடங்கள் நிறைய. அந்தப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அங்கே நடந்தார்கள். புதிதாக ஒன்றும் கட்டாமலே பல குடும்பங்கள் அந்த விஷத்திலிருந்து தள்ளி நிற்க முடிந்தது. நீங்கள் அந்த அடிபம்பைப் பச்சை என்று குறிக்கும் முன், அதில் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஆழம் குறைந்த தண்ணீருக்கு அந்தப் பயம் உண்டு.

எது வந்தாலும் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்கிறாரே என் மாமியார்?
– குடும்பத் தலைவி, திருச்சி

கிருமிக்குச் சரி. ஃப்ளோரைடு, நைட்ரேட், உப்பு ஆகியவற்றுக்குச் சரியில்லை, தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிச்சத்தில் அவை கொஞ்சம் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கிற வீட்டில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் உள்ள தண்ணீரைக் காய்ச்சினாலும் பயன்படுத்தக் கூடாது. அதற்காக உங்கள் மாமியாரின் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம், மழைக்காலத்தில் அவர் சொல்வதுதான் காப்பாற்றும்.

பதினோரு வருஷமாக டேங்க் ஆபரேட்டராக இருக்கிறேன். 30,000 லிட்டர் தொட்டி. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடணும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதிகமாகப் போட்டால் ஜனங்கள் வாடை அடிக்குது என்று திட்டுகிறார்கள்.
– தஞ்சாவூர் மாவட்டம்

உங்களைப் போன்றவர்கள் கையில்தான் ஒரு ஊரின் வயிறு இருக்கிறது ஐயா, எழுதியதற்கு நன்றி. 33 சதவீதம் குளோரின் உள்ள நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 4 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டிக்கு 120 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், மளிகைக் கடையில் ஒரு முறை 120 கிராம் நிறுத்து வாங்கி, அது எந்த டம்ளரில் எந்தக் கோடு வரை வருகிறது என்று அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டு வால்வைத் திறக்க வேண்டும். மூட்டையோடு அப்படியே கொட்டினால் சுண்ணாம்பு தொட்டிக்குள் படியும்.

ஆனால் பவுடர் கணக்கு பாதிதான். தகரக் கொட்டகையில் சித்திரை வெயிலில் வாய் திறந்து கிடந்த மூட்டையில் குளோரின் ஏறக்குறைய முழுதும் போயிருக்கும், 120 கிராம் போட்டாலும் வெறும் சுண்ணாம்பு போட்டது போலத்தான். அதனால் பார்க்க வேண்டிய இடம் கடைசித் தெருவின் கடைசிக் குழாய். அங்கே தண்ணீரைச் சோதனைப் புட்டியில் பிடித்து, குளோரின் சோதிக்கிற மருந்தைச் சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், அட்டையில் 0.2-க்குக் குறையக் கூடாது. ஊரில் வயிற்றுப்போக்கு இருக்கிற நேரத்தில் 0.5 வரை இருக்கட்டும். தொட்டிக்குக் கீழே நல்ல மஞ்சள், கடைசி வீட்டில் ஒன்றுமே இல்லை என்றால் நடுவே எங்கேயோ குழாய் உடைந்து அழுக்கு சேருகிறது. அழுக்கைக் கொல்வதிலேயே குளோரின் தீர்ந்துவிட்டது. தெருத் தெருவாகச் சோதித்துக்கொண்டே வந்தால் மஞ்சள் எங்கே மறைகிறதோ அந்த இடத்தைத் தோண்டலாம். உங்களிடம் ஊர் வரைபடம் ஒன்று இருந்தால், அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு காலை நேரம் போதும்.

வாடை அடிக்கிறது என்று திட்டுகிறவர்களிடம், குடத்தை மூடாமல் ஒரு மணி நேரம் வைத்தால் வாடை குறைந்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். தொட்டியை மாதம் இரண்டு முறை கழுவுவதும், கழுவிய தேதியைத் தூணில் எழுதுவதும் தவறாமல் நடக்கட்டும். யாரும் கேட்காவிட்டாலும் எழுதுங்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லையில் அடிபம்பு இருக்கிறது. கழிப்பறைக் குழி அதற்கு எட்டு அடியில் வருகிறது. கொத்தனார் "உறை இறக்கிட்டா போதும்மா, ஒண்ணும் ஆகாது" என்கிறார். உங்கள் வரைபடத்தில் இதை எப்படிக் குறிப்பது?
– நாகப்பட்டினம் மாவட்டம்

அம்மா, குறிக்கிறது அப்புறம் இருக்கட்டும், முதலில் குழியைத் தோண்ட விடாதீர்கள்.

எட்டு அடி என்பது இரண்டரை மீட்டர். நுண்ணிய மண்ணாக இருந்து, குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே இரண்டு மீட்டர் காய்ந்த மண் இருந்தால் மூன்று மீட்டர் போதும் என்று நம் நாட்டு விதிமுறை சொல்கிறது. மற்ற இடங்களில் பத்து மீட்டராவது வேண்டும். உங்கள் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும், கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் ஊறும். குழி தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்கும். உறை இறக்கினாலும் அடி திறந்துதானே இருக்கிறது. மலத்தில் உள்ள கிருமி மண்ணில் வடிகட்டிச் சாகிறது என்பது காய்ந்த மண்ணுக்குத்தான் பொருந்தும், ஊறிய மண்ணில் அது நெடுந்தூரம் போகும்.

என்ன செய்யலாம்? கொல்லையின் மறுகோடிக்குக் குழியைத் தள்ள இடம் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். தள்ளியும் தூரம் போதாவிட்டால், ஆழம் குறைவான குழியாக, தரைக்கு மேலே மேடு எழுப்பிக் கட்டச் சொல்லுங்கள், அடியைப் பூசி அடைத்து, குழியைச் சுற்றி அரை மீட்டர் கனத்துக்கு நுண்ணிய மணல் நிரப்பலாம். முடிந்தால் இரட்டைக் குழி முறை. ஒன்று நிரம்பியதும் நடுவில் உள்ள சிறு தொட்டியில் அடைப்பை மாற்றி அடுத்த குழிக்குத் திருப்பிவிட்டு, முதல் குழியை ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் மூடி வைத்தால் உள்ளே இருப்பது மக்கி, வாடையில்லாத எருவாகிவிடும். யாரும் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மனிதர் கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்திருக்கிறது, ஒற்றைக் குழி நிரம்பி வழியும்போது ஏழை ஒருவரைக் கூப்பிட்டு இறக்குகிற கொடுமை இன்னும் நின்றபாடில்லை. கழிப்பறை கட்டும்போதே அதைத் தடுத்துவிடலாம்.

இந்த எட்டு அடி விஷயத்தை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1854-இல் லண்டன் பிராட் தெருவில் காலரா வந்து பத்து நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் ஒரு பம்பைச் சந்தேகப்பட்டு அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். இறந்தவர்கள் வீட்டை வரைபடத்தில் கோடு கோடாகக் குறித்து அவர் வெளியிட்டது அதற்குப் பிறகு. இது பலருக்கும் தெரிந்த கதை. அதிகம் சொல்லப்படாதது அடுத்த பகுதி. அந்தத் தெருக்களில் வீடு வீடாக எல்லோரையும் தெரிந்த ஹென்றி வைட்ஹெட் என்ற பாதிரியார், முதலில் ஸ்நோ சொன்னதை நம்பவில்லை. தவறு என்று காட்டுவதற்காகவே விசாரிக்கப் போனவர், கடைசியில் 40-ஆம் எண் வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த ஒரு குழந்தையின் துணிகளைத் தாய் அலசிய தண்ணீர் வீட்டு மலக்குழியில் ஊற்றப்பட்டதைக் கண்டுபிடித்தார். தோண்டிப் பார்த்தால் அந்தக் குழிக்கும் பம்புக் கிணற்றுக்கும் நடுவே மூன்று அடிகூட இல்லை, செங்கல் சிதைந்து கழிவு கிணற்றுக்குள் கசிந்துகொண்டிருந்தது.

இருக்கிற பம்பில் இப்போதே கசிவு உண்டா என்று பார்க்க, சுகாதார ஆய்வாளரிடம் மலக்கிருமி சோதிக்கிற சிறு கண்ணாடிக் குப்பி கேளுங்கள். தண்ணீர் ஊற்றி மூடி, சமையலறையில் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் ஒன்று, இரண்டு நாளில் கறுப்பாக மாறும், மலக்கிருமி இருந்தால். மூடியின் உள்பக்கத்தை விரலால் தொடாதீர்கள்.

வீடு வீடாகக் கழிப்பறை இருக்கிறதா, போகிறார்களா என்று குறித்துச் சுவரில் ஒட்டினால் இல்லாதவர்களுக்கு அவமானம் இல்லையா? அதோடு, எங்கள் ஊரில் வரைந்த வரைபடத்தில் காலனி தாளின் ஓரத்தில் "இதர பகுதி" என்று மட்டும் இருந்தது.
– தொடக்கப் பள்ளி ஆசிரியை, புதுக்கோட்டை மாவட்டம்

டீச்சர், இரண்டு கேள்வியும் நெஞ்சில் தைக்கிறது.

முதலாவதற்கு: சுவரில் ஒட்டுகிற வரைபடத்தில் வீட்டு எண்ணோ பெயரோ வேண்டாம். தெருவுக்கு எத்தனை வீடு, அதில் எத்தனை வீட்டில் கழிப்பறை பயன்பாட்டில் இருக்கிறது என்ற எண்ணிக்கை மட்டும் போதும். வீடுவாரிக் கணக்கு ஒரு நோட்டில், ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். விசில் ஊதி, விளக்கடித்து, வெளிக்குப் போகிறவர்களை விரட்டிய காலம் ஒன்று இருந்தது. அப்போது அவமானப்பட்டவர்களில் அதிகம் பேர் கூலி வேலைக்குப் போகிற பெண்கள். கழிப்பறை இருந்தும் போகாதவர்களிடம் ஏன் என்று கேளுங்கள், பெரும்பாலும் தண்ணீர் கிடையாது, அல்லது கதவு போட ₹12,000 மானியம் மிஞ்சவில்லை, அல்லது குழி சீக்கிரம் நிரம்பிவிடும் என்ற பயம். இந்தக் காரணங்களைக் குறித்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.

இரண்டாவது, காலனி. 2022 டிசம்பரில் உங்கள் மாவட்டத்து வேங்கைவயலில் பட்டியலின மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது, குழந்தைகள் நோயில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. எந்தத் தெருவுக்கு எந்தத் தொட்டி, அந்தத் தொட்டிக்கு மூடி உண்டா, ஏணிக்குப் பூட்டு உண்டா, கடைசியாக யார் ஏறிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் சாதாரணக் கேள்விகள் இல்லை. உங்கள் ஊர் வரைபடத்தை மறுபடி வரையச் சொல்லுங்கள், இந்த முறை கோலமாவை முதலில் காலனிப் பெண்கள் கையில் கொடுங்கள், அவர்கள் தெருவிலேயே உட்கார்ந்து. தாளின் நடுவில் எது வரும் என்பது யார் முதலில் கோடு இழுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. பல ஊரில் பார்த்துவிட்டேன்.

நாங்கள் ராமநாதபுரம் மாவட்டத்தில் கடலோர ஊர். போர் எல்லாம் உப்பு. ஆற்றுப் படுகையில் ஊத்துத் தோண்டி, சிரட்டையால் அள்ளிக் குடம் நிரப்பித் தள்ளுவண்டியில் கொண்டுவருகிறோம். இதில் வரைபடம் போட என்ன இருக்கிறது?

அண்ணாச்சி, உங்கள் ஊருக்குத்தான் முக்கியமாக வேண்டும், நேரத்தோடு சேர்த்து. ஊத்து எங்கே என்று ஒரு புள்ளி வைத்தால் போதாது. வீட்டிலிருந்து எத்தனை நிமிஷம் நடை, ஒரு குடம் ஊறி நிறைய எத்தனை நிமிஷம், யார் போகிறார்கள், பள்ளிக்கூடப் பிள்ளை போகிறதா என்று எழுதுங்கள். வீட்டுக் குழாய் மூலம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டத்தின் கணக்கு. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது 275 லிட்டர், கிட்டத்தட்ட பதினெட்டுக் குடம். நீங்கள் எத்தனை குடம் கொண்டுவருகிறீர்கள்? அந்த வித்தியாசத்தை வரைபடத்தின் ஓரத்தில் பெரிதாக எழுதுங்கள். ஊத்துக்கு மேல்பக்கம் யாரும் வெளிக்குப் போகாமலும் ஆடு மாடு இறங்காமலும் நாலு முள்வேலி போட்டுவிடுங்கள்.

போன வருஷமே நாங்கள் இளைஞர்கள் சேர்ந்து ஊர் முழுக்கச் சோதித்து வரைபடம் போட்டு ஒரு அலுவலகத்தில் கொடுத்தோம். வாங்கி பீரோவில் வைத்தார்கள். அவ்வளவுதான். இனி என்ன?
– பெயர் வேண்டாம், சிவகங்கை மாவட்டம்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஒரே பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தீர்களா? அதுதான் பலரும் செய்கிற தவறு. மறுபடி பெரிய சார்ட்டில் வரைந்து மூன்று இடத்தில் ஒட்டுங்கள்: ரேஷன் கடை, பள்ளிக்கூடம், பால் சொசைட்டி. மக்கள் வரிசையில் நிற்கிற இடம், நிற்கிறவர்கள் தங்கள் தெருவைத் தேடுவார்கள்.

அப்புறம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், தண்ணீரைப் பற்றி அன்றைக்குப் பேசாமல் என்றைக்குப் பேசுவது? ஆனால் "எங்கள் ஊரில் தண்ணீர் சரியில்லை" என்று பேசினால் பதிலும் அதே மாதிரி பொதுவாக வரும். "கீழத்தெரு மூன்றாவது குழாய்க் குழியில் சாக்கடை நிற்கிறது, ஜூலையிலும் அக்டோபரிலும் குப்பி கறுத்தது, கடைசி வீட்டில் குளோரின் இல்லை, இதோ தேதி" என்று பேசுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு குறை போதும், தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கச் சொல்லி, தீர்மான எண்ணை வரைபடத்தில் அந்தக் குழாய்க்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். தண்ணீர் ஆதாரங்களை வருஷத்துக்கு ஒரு முறை ரசாயனத்துக்கும் இரண்டு முறை கிருமிக்கும் சோதிக்க வேண்டும் என்று ஜல் ஜீவன் திட்ட விதியே இருக்கிறது, அந்த முடிவுகளைக் கேட்டு வாங்கி உங்கள் எண்ணோடு ஒப்பிடலாம்.

போன வருஷ வரைபடம் இப்போது பழசு. மழை முடிந்து ஒரு தடவை, சித்திரையில் ஒரு தடவை, அதே இடங்களில் அதே குழாய்களில் மறுபடி சோதியுங்கள். ஒரே பம்பு கோடையில் நன்றாக இருந்து கார்த்திகையில் கெட்டுப்போவதை நான் பார்த்திருக்கிறேன். மேல்தெருவில் புதிதாக எத்தனை கழிப்பறை வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு நடக்க இந்த முறை இரண்டு டேங்க் ஆபரேட்டர்களையும் கூப்பிடுங்கள், எந்த வால்வு எங்கே புதைந்திருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். முடித்ததும் ஒரு பிரதி எனக்கும் அனுப்பி வையுங்கள், அடுத்த இதழில் அதை வைத்தே பேசலாம்.